மியூசியத்துக்கு ட்ரஸ்டியா வரச் சொல்லுகினம், என்ர வீடு போகுமோ?

கேள்வி: நான் லண்டனில கனகாலம் பஸ் ஓட்டி இப்ப பென்ஷனில இருக்கிறன். மகளுக்குக் கிட்ட இருப்பம் எண்டு மிட்லண்ட்ஸ் பக்கம் வந்த பிறகு, இங்க ஒரு சின்ன போக்குவரத்து மியூசியத்தில சனிக்கிழமைகளில போய் பழைய பஸ்ஸுகள் திருத்திக் குடுக்கிறன், சம்பளம் ஒண்டும் இல்லை, ஆசைக்குத்தான். இப்ப தலைவர் என்னை ட்ரஸ்டியா வரச் சொல்லுறார், வருஷத்தில ஆறு மீட்டிங், வேற ஒண்டும் இல்லையாம். 1970களில எழுதின ட்ரஸ்ட் உறுதிதான் அவையளின்ர யாப்பு. மியூசியம் இருக்கிற ஷெட்டின்ர சொந்தக்காரர் வாடகையைக் கூட்டி 15 வருஷத்துக்குப் புது லீஸ் எழுதச் சொல்லி இமெயில் போட்டிருக்கிறார், அதில நாலு ட்ரஸ்டிமார் கையெழுத்து வைக்க வேணுமாம், ஒராள் நான். வாடகைக்கு காசு தேட ஒரு பழைய டபுள் டெக்கரை விக்கவும் யோசிக்கினம், ஆனால் 80களில அதைத் தந்தவரின்ர மகன் இப்ப வந்து அது அப்பா இரவல் குடுத்ததெண்டு சொல்லுறார். என்ர மருமகனின்ர கராஜ்தான் அங்கத்த பெயின்ட் வேலையெல்லாம் செய்யுது, அதுக்கும் பிரச்சினை வருமோ? மனிசி, வீட்டை வைச்சு விளையாடாதேங்கோ எண்டு ஒரே பேச்சு.

பதில்: அண்ணை, அக்கா பயப்படுறதில நியாயம் இருக்கு. ஆனால் பயப்பட வேண்டியது ட்ரஸ்டி எண்ட பதவிக்கு இல்லை, அந்த லீஸுக்கு. அதில மட்டும் இப்போதைக்குக் கை வைக்காதேங்கோ, மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம். (நான் சொல்லுறது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்கொட்லாந்தில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு ரெகுலேட்டரும் வேற, சட்டமும் வேற.)

தலைவர் சொல்லுற "ஆறு மீட்டிங், வேற ஒண்டும் இல்லை" எண்ட கதையை முதல் விடுங்கோ. 2011 சரிட்டிச் சட்டத்தின்ர 177ஆம் பிரிவின்படி சரிட்டியின்ர (உங்கட மியூசியம் மாதிரித் தொண்டு அமைப்பின்ர) நிர்வாகத்தை பொதுவாக் கொண்டு நடத்திற ஆக்கள் எல்லாரும் ட்ரஸ்டிமார்தான், அவையளை கமிட்டி எண்டு கூப்பிட்டாலும் கவர்னர் எண்டு கூப்பிட்டாலும் டைரக்டர் எண்டு கூப்பிட்டாலும் சட்டத்துக்கு ஒண்டுதான். மீட்டிங்குக்குப் போகாமல் வீட்டில படுத்திருந்தாலும் பொறுப்பு உங்களோடதான் இருக்கும். காசு வாங்காமல்தானே செய்யிறம் எண்டு கனபேர் நினைக்கினம், இங்க ட்ரஸ்டி வேலைக்கு வழமையாவே காசு கிடையாது, கைக்காசு செலவழிச்சால் அதைத் திருப்பி எடுக்கலாம், அவ்வளவுதான். அதால பொறுப்பு ஒண்டும் குறையிறதில்லை.

உங்கட கேள்விக்கு மறுமொழி, அந்த மியூசியம் சட்டத்தில என்ன வடிவத்தில இருக்கு எண்டதில இருக்கு. யோர்க்கில இருக்கிற தேசிய ரெயில்வே மியூசியத்தை எடுங்கோ, அது சயன்ஸ் மியூசியம் குரூப்புக்குள்ள வாறது, அதின்ர ட்ரஸ்டி போர்ட் 1983ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தால உருவாக்கினது, ட்ரஸ்டிமாரைப் பிரதமர் நியமிக்கிறார், அங்க ஆரும் தன்ர பேரில லீஸ் எழுதப் போறதில்லை. புரூக்லண்ட்ஸில இருக்கிற லண்டன் பஸ் மியூசியம் தொண்டர்கள் நடத்திறதுதான், ஆனால் அவையளின்ர அமைப்பின்ர பேர் லண்டன் பஸ் பிரிசர்வேஷன் ட்ரஸ்ட் லிமிட்டெட், கடைசியில அந்த லிமிட்டெட் இருக்குதெல்லோ, அதுதான் விசயம். கொம்பனி எண்டால் கொம்பனி கையெழுத்து வைக்கும், கொம்பனி கடன்படும், கொம்பனி முறியும், பொதுவா உங்கட வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டினம்.

உங்கட மியூசியம் அப்பிடி இல்லை. வெறும் ட்ரஸ்ட் உறுதி மட்டும் எண்டால் மியூசியத்துக்கெண்டு சட்டத்தில தனியா ஒரு ஆள் இல்லை, மியூசியம் எண்ட பேரில லீஸ் எழுத ஏலாது, ஆக்களின்ர பேரில்தான் எழுத வேணும். ஏன் நாலு பேர் எண்டு யோசிச்சிருப்பியள், காணிச் சொத்தின்ர சட்ட உரிமை பொதுவா நாலு பேருக்கு மேல பதிய ஏலாது எண்டு 1925ஆம் ஆண்டில இருந்து ஒரு விதி இருக்கு, ஆனால் சரிட்டிக் காணிக்கு அந்த வரம்பு இல்லை. எத்தினை ட்ரஸ்டி இருந்தாலும், லீஸில பேர் போட்டுக் கையெழுத்து வைக்கிற ஆக்கள்தான் ஷெட்டுக்காரருக்கு மறுமொழி சொல்ல வேணும். அந்த நாலு பேரும் சேர்ந்தும் தனித்தனியாவும் முழு வாடகைக்கும் பொறுப்பு, அதாவது கட்டாட்டி ஷெட்டுக்காரர் நாலில ஆரிட்ட சொத்து இருக்கெண்டு பாத்து அவர் ஒராளிட்டயே முழுக்காசையும் கேக்கலாம். நீங்கள் கட்டினதை சரிட்டியின்ர காசில இருந்து எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, ஓம், ஆனால் சரிட்டியிட்ட காசு இல்லாததாலதானே பிரச்சினையே வந்திருக்கும். வாடகை மட்டும் எண்டும் நினைக்காதேங்கோ, லீஸ் முடியேக்க கூரையைத் திருத்தித் தா, ஒயில் ஊறின நிலத்தைத் துப்பரவாக்கித் தா எண்டு வாற பில்தான் உந்தப் பழைய ஷெட்டுகளில ஆளைச் சாப்பிடுறது.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டினம். ரெண்டு வருஷத்தில சலிச்சுப்போய் ராஜினாமாக் கடிதம் குடுத்திட்டு வந்தால் ட்ரஸ்டி பதவி முடியும், லீஸ் முடியாது. லீஸை முறைப்படி மற்ற ஆக்களின்ர பேருக்கு மாத்தி எழுத வேணும், அதுக்கு வழமையா ஷெட்டுக்காரரின்ர சம்மதமும் வேணும். அது செய்யாமல் விட்டு, கமிட்டியில இருந்து விலகி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வக்கீல் கடிதம் வந்த ஆக்கள் இருக்கினம்.

சரி, வழி என்ன எண்டு கேப்பியள். முதல், இப்ப இருக்கிற பழைய லீஸை எடுத்துப் பாருங்கோ. 1954ஆம் ஆண்டு லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் சட்டம் கடைக்காரருக்கும் கந்தோருக்கும் மட்டும் எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை, கொஞ்சப் பேர் அமைப்பாச் சேர்ந்து செய்யிற எந்த வேலையும் அந்தச் சட்டத்துக்குள்ள வரும், சரிட்டி மியூசியமும் வரும். பழைய லீஸில அந்தச் சட்டத்தை விலக்கி வைக்காட்டி, லீஸின்ர காலம் முடிஞ்சாலும் உங்கட ஆக்கள் அங்கேயே இருக்கலாம், புது லீஸ் கேக்கிற உரிமையும் இருக்கு, வாடகையில ஒத்து வராட்டி கோர்ட் மார்க்கெட் விலையைப் பாத்துத் தீர்க்கும். ஷெட்டுக்காரர் முடிக்கிறதெண்டால் 25ஆம் பிரிவு நோட்டீஸ் எண்டு ஒண்டு இருக்கு, குறிச்ச படிவத்தில, ஆறு மாசத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாசத்துக்குக் கூடாமலும் திகதி போட்டுக் குடுக்க வேணும். இமெயில் நோட்டீஸ் இல்லை. அவர் இடிச்சுக் கட்டப்போறன் மாதிரி சில காரணங்கள் சொல்லி மறுக்கலாம்தான், ஆனாலும் கூட்டின வாடகைக்கு உடன கையெழுத்து வை எண்டு விரட்டிற நிலைமையில அவர் இல்லாமல் இருக்கலாம். தலைவர் இதை லோயரிட்ட காட்டினவரோ எண்டு கேளுங்கோ, எனக்கெண்டால் காட்டியிருப்பார் போல தெரியேல்ல.

புது லீஸோட ஒரு எச்சரிக்கை நோட்டீசும், அதில கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு டிக்ளரேஷனும் வந்தால் அங்க நில்லுங்கோ. அதுதான் 1954 சட்டப் பாதுகாப்பை நீங்களாவே விட்டுக்குடுக்கிற பேப்பர். கையெழுத்துக்கு 14 நாளுக்கு முதல் நோட்டீஸ் தந்தால் சாதாரண டிக்ளரேஷன் காணும், அதை விடக் குறைய நாள் எண்டால் சொலிசிட்டருக்கு முன்னால சத்தியம் பண்ண வேணும். உந்தச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் அவசரப்படுத்துகினம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

ரெண்டாவது, மியூசியத்தை சி.ஐ.ஓ. (சரிட்டபிள் இன்கோர்ப்பரேட்டட் ஓர்கனைசேஷன்) ஆக்கச் சொல்லுங்கோ. 2013இல இருந்து இருக்கிற முறை, சரிட்டிக்கெண்டே செய்த ஒரு உடம்பு, கொம்பனி மாதிரி பொறுப்பு மட்டுப்படுத்தினது, ஆனால் கொம்பனிகளைப் பதியிற கம்பனீஸ் ஹவுஸ் பக்கம் போகத் தேவையில்லை, சரிட்டிகளைக் கண்காணிக்கிற சரிட்டி கொமிஷனிட்ட மட்டும் பதிஞ்சால் காணும். புது சி.ஐ.ஓ. ஒண்டைப் பதிஞ்சு, பழைய ட்ரஸ்ட்டின்ர பஸ்ஸுகள், காசு எல்லாத்தையும் அதுக்கு மாத்தி, லீஸை அதின்ர பேரில எழுதிறது. கொமிஷன் பதிஞ்ச நாளில இருந்துதான் அது உயிரோட இருக்கும், அதுக்கு முதல் அதின்ர பேரில கையெழுத்து வைக்க ஏலாது, அதால ஷெட்டுக்காரரிட்ட கொஞ்ச மாசத்துக்கு இப்ப இருக்கிற மாதிரியே இழுக்கக் கேளுங்கோ. அவர் சி.ஐ.ஓ.வுக்குத் தரமாட்டன், ஆக்களின்ர பேரில்தான் வேணும் எண்டு நிண்டால், நாலு பேரின்ர பொறுப்பும் சரிட்டியின்ர சொத்து அளவுக்கு மட்டும்தான் எண்டு லீஸிலயே ஒரு வசனம் போடச் சொல்லுங்கோ, ட்ரஸ்டிமார் லீஸ் எடுக்கேக்க அது கேக்கக்கூடாத கேள்வி இல்லை. ரெண்டுக்கும் ஓம்படாட்டி வைக்காதேங்கோ, அவ்வளவுதான். முகத்துக்காகக் கையெழுத்து வைக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட கூட, சீட்டுப் பிணையில பட்டது காணாதோ?

இதில ஒரு பொறி இருக்கு. ஆரும் ஒராள், நாங்கள் ட்ரஸ்டிமாரை "இன்கோர்ப்பரேட்" பண்ணிச் சர்டிபிகேட் வைச்சிருக்கிறம், பயமில்லை எண்டு சொல்லுவினம். அது சொத்தை ஒரே பேரில வைச்சிருக்க வசதிக்குச் செய்யிற வேலை, தனிப்பட்ட பொறுப்பை அது குறைக்காது. சி.ஐ.ஓ. வேற, உது வேற.

டபுள் டெக்கர் கதைக்கு வாறன். இலங்கையில சி.டி.பி. காலத்தில லண்டனில இருந்து வந்த பழைய ஆர்.டி. பஸ்ஸுகளைக் கண்ட ஆக்களுக்கு உதை விக்கிறதெண்டால் மனம் வராதுதான், ஆனால் நான் பாக்கிறது வேற. அது ஆரின்ர பஸ்? தலைவரின்ர பேர் வி5சி எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில இருக்கு எண்டு சொல்லுவார், அந்தப் பத்திரத்திலயே எழுதியிருக்கு அது உரிமைக்கு அத்தாட்சி இல்லை எண்டு, ஆர் வாகனத்தை வைச்சு வரி கட்டுறது எண்டதுதான் அதில இருக்கிறது. உங்களுக்கு வேணும் 80களில எழுதின கடிதம், கமிட்டி மினிட்ஸ், அந்தக் கால இன்சூரன்ஸ் பேப்பர், மியூசியம் அடிச்ச கையேட்டில "இரவல்" எண்டு போட்டிருக்கோ "அன்பளிப்பு" எண்டு போட்டிருக்கோ எண்டது. இவ்வளவு வருஷம் போச்சு, இனி அவர் கேக்க ஏலாது எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. வழக்குப் போடுறதுக்கு இருக்கிற ஆறு வருஷக் கால எல்லை இரவல் குடுத்த நாளில இருந்து ஓடுறதில்லை, திருப்பிக் கேக்க மறுக்கேக்க அல்லது விக்கேக்கதான் ஓடத் தொடங்கும். இரவல் பஸ்ஸை வித்தால், நல்லெண்ணத்தில வித்தாலும், உரிமைக்காரர் விக்கச் சொன்ன ட்ரஸ்டிமாரிட்ட நேராவே பெறுமதியைக் கேக்கலாம். இரவல்தான் எண்டு தெரிஞ்சும் சொந்தக்காரர் எடுக்க வராட்டி 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில முறைப்படி நோட்டீஸ் குடுத்து விக்க வழி இருக்கு, ஆனால் அப்ப வாற காசும் செலவு போக அவையளுக்குத்தான். அன்பளிப்புத்தான் எண்டு உறுதியானாலும், மியூசியம் ஆர்ட்ஸ் கவுன்சிலின்ர அக்ரெடிட்டேஷன் (தர அங்கீகாரம்) வாங்கின இடமெண்டால் வாடகை கட்டுறதுக்காகச் சேகரிப்பில இருக்கிறதை விக்கிறது அதையே இழக்கப்பண்ணலாம். மகனின்ர இமெயிலுக்கு மறுமொழி போடாமல் இருக்கினமெண்டால் அதையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ, மரியாதையா ஒரு கடிதம் எழுதி அவரிட்ட என்ன பேப்பர் இருக்கெண்டு கேட்டால் முடிஞ்சுது.

மருமகனின்ர கராஜ் பெரிய தலையிடி இல்லை. மகளின்ர மனிசன் எண்டால் சட்டத்தில அவர் உங்களோட தொடர்புள்ள ஆள், அதால நீங்கள் ட்ரஸ்டியான பிறகு அவருக்குக் குடுக்கிற காசு உங்களுக்குக் குடுக்கிற மாதிரித்தான் பாக்கப்படும். 2011 சரிட்டிச் சட்டத்தின்ர 185ஆம் பிரிவு சில நிபந்தனையோட அதை விடுது: எழுத்தில ஒப்பந்தம் வேணும், தொகை நியாயமா இருக்க வேணும், ட்ரஸ்ட் உறுதியில தடை இருக்கக்கூடாது, இப்பிடிக் காசு வாங்கிற ட்ரஸ்டிமார் மொத்தத்தில குறைஞ்ச பங்காத்தான் இருக்கலாம், அந்த விசயம் கதைக்கேக்க நீங்கள் எழும்பி வெளிய போக வேணும். ரெண்டு மூண்டு கராஜில விலை கேட்டு வைச்சால் நல்லது. பொருளாளர் வாய்ப்பேச்சில செக் எழுதிற பழக்கம் அங்க இருந்தால் அதை நீங்கள் வரமுதல் நிப்பாட்ட வேணும்.

இன்சூரன்ஸ் இருக்கு, பயப்படாதேங்கோ எண்டு சொல்லுவினம். ட்ரஸ்டிமாருக்கு சரிட்டியின்ர காசில இன்சூரன்ஸ் எடுக்கலாம், அதே சட்டத்தின்ர 189ஆம் பிரிவு. அது நீங்கள் தெரியாமல் விடுற பிழைக்கு, லீஸ் வாடகைக்கு இல்லை. அதே மாதிரி, நேர்மையாவும் நியாயமாவும் நடந்த ட்ரஸ்டியை கோர்ட்டோ கொமிஷனோ மன்னிக்கலாம் எண்டு சட்டத்தில இருக்கு, உண்மையில தொண்டர்மாரோட அவையள் மென்மையாத்தான் நடக்கினம், ஆனால் அந்த மன்னிப்பு சரிட்டிக்கு நீங்கள் செய்த பிழைக்குத்தான். ஷெட்டுக்காரரின்ர பில்லை கொமிஷன் மன்னிக்க ஏலாது. பழைய பஸ் பிரேக்கில அஸ்பெஸ்டஸ் இருக்கும், இங்க முழுசாத் தடை வந்தது 1999இல தான், சனிக்கிழமை வேலைக்கு ஒரு எழுதின ஒழுங்கு இருக்கோ எண்டும் கேட்டு வையுங்கோ, நீங்கள் மூச்சுவிடுற காற்று அது.

நீங்கள் ஓம் எண்டு சொல்லமுதல் சரிட்டி கொமிஷனின்ர ரெஜிஸ்டரில மியூசியத்தின்ர பேரைப் போட்டுப் பாருங்கோ, இலவசம். ட்ரஸ்டோ, கொம்பனியோ, சி.ஐ.ஓ.வோ எண்டு அதிலயே இருக்கும், கணக்கு நேரத்துக்குக் குடுத்திருக்கினமோ எண்டும் தெரியும், வருஷம் முடிஞ்சு பத்து மாசத்துக்குள்ள குடுக்க வேணும், பிந்தினால் எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரிப் போட்டு வைப்பினம். பிறகு உறுதியின்ர கொப்பி, கடைசி மூண்டு வருஷக் கணக்கு, பழைய லீஸ், மூண்டையும் தலைவரிட்ட கேளுங்கோ. இவர் சந்தேகப்படுறார் எண்டு மூஞ்சையைத் தூக்கினால், அந்தக் கமிட்டியில இருக்கிறது நல்லதில்லை, பழையபடி பஸ் மட்டும் திருத்துங்கோ. தந்தால், பழைய லீஸில 1954 எண்டு எங்க வருதோ அந்தப் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன், அதுவரைக்கும் ஷெட்டுக்காரருக்கு ஒண்டும் எழுத வேண்டாம் எண்டு தலைவரிட்டயும் சொல்லி வையுங்கோ.