சமீபத்தில் பார்த்த தமிழ்ப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?

கொட்டுக்காளி. 2024 ஆகஸ்டில் வந்த படம். அதன் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் முந்தைய படமான கூழாங்கல், வேறு இயக்குநர்களின் லப்பர் பந்து, மெய்யழகன் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு படம் பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் பாதிக் காரணம் காதில் இருக்கிறது. நாம் திரைக்கதை, நடிப்பு என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய்தான் பிடித்திருக்கிறது என்று குடும்பம் முடிவுகட்டி, ஆட்டோவிலும் பைக்கிலுமாக அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கதை அவ்வளவுதான். இசை இல்லாத இடத்தை ஆட்டோ இன்ஜின், காற்று, சேவல், மீனாவைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியாக வரும் சூரியின் கட்டிப்போன தொண்டை எல்லாம் சேர்ந்து நிரப்புகின்றன. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, வராத குரலில் அதட்டுகிற மனிதன். எதிரே கிட்டத்தட்ட படம் முழுக்க வாயே திறக்காத பெண். வசனம் எழுதிப் புரியவைக்க வேண்டிய அதிகாரக் கணக்கை இந்த இரண்டு தொண்டைகளே சொல்லிவிடுகின்றன. ஒலி வடிவமைப்பு சுரேன், அழகியகூத்தன்.

ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். போகிற வழியில் எங்கிருந்தோ ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது. மீனாவின் உதடு அதை முணுமுணுக்கிறது. பாண்டி அதைப் பார்த்துவிட்டு வெறிபிடித்தவன்போல அவளையும், தடுக்க வந்தவர்களையும் சேர்த்து அடிக்கிறான். இந்தக் காட்சி ஏன் இப்படித் தாக்குகிறது? அதுவரை இயக்குநர் நம் காதைப் பட்டினி போட்டிருக்கிறார். பாட்டு வந்ததும் நமக்கும் ஓர் ஆசுவாசம். அந்த நிம்மதியின் மேல்தான் முதல் அடி விழுகிறது. படம் நெடுகப் பின்னணி இசை ஓடியிருந்தால் அந்தப் பாட்டு இன்னொரு பாட்டாகக் கடந்து போயிருக்கும்.

குறையும் உண்டு. வழிமறித்து நிற்கும் காளையை ஆம்பளைகள் யாராலும் நகர்த்த முடியாமல், ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். அழகான காட்சிதான், ஆனால் பாடம் நடத்துகிற வாடை அடிக்கிறது. முடிவைப் பற்றிப் பலருக்கும் கோபம். எனக்கு இல்லை. சாமியாடியிடம் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்த்துவிட்டான். அவன் என்ன செய்வான் என்பது இனி நம் தலைவலி.

“ஒண்ணுமே நடக்கல, போரடிக்குது” என்று சொன்னவர்களில் பலர் வீட்டு டிவியில் பார்த்தவர்களாக இருக்கலாம். அவர்கள்மேல் குற்றமில்லை. இந்த மாதிரிப் படத்தை டிவி மூன்று விதமாகக் கெடுக்கும்.

முதலாவது ஆட்டோ வால்யூம், நைட் மோட் போன்ற வசதிகள். மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆட்டோ நிற்கும்போது விழுகிற அமைதிக்கும் ஓடும்போது வரும் இரைச்சலுக்கும் வித்தியாசமே தெரியாது. சவுண்ட் மெனுவில் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது 5.1 ஒலி, அதாவது ஆறு ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்துக் கலக்கிய ஒலி. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று கலக்கப்பட்டிருக்கும். டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அதை அடக்கும்போது பேச்சு அமுங்கி, இரைச்சல் மேலே வரும். ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் காதை மூடுகிற ஹெட்ஃபோன் போதும், சவுண்ட்பார் வாங்க ஓட வேண்டாம். மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான்.

மூன்றாவது மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி தானாகவே நடுநடுவே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும்போது சீரியல் பார்க்கிற உணர்வு வந்துவிடும். கேமரா நகரும்போது ஆட்களின் ஓரம் பிசிறடிக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே இது அணைந்துவிடும்.

கூழாங்கலுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். இசை யுவன் சங்கர் ராஜா. ஆனால் அது இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைவு. குடிகார அப்பனும் மகனும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். பையன் உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பன் முதுகில் வெயிலைப் பாய்ச்சுகிற காட்சி ஒன்று போதும். எதிர்த்துப் பேச முடியாத பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

லப்பர் பந்து இதற்கு நேர் எதிர். ஊர் கிரிக்கெட் ஆடுகிற ‘கெத்து’ என்ற பாத்திரம் மட்டையோடு இறங்கினால் பொன்மனச்செல்வன் படத்தின் ‘நீ பொட்டு வச்ச தங்கக்குடம்’ ஒலிக்கும். விஜயகாந்த் ரசிகன் என்று சொல்ல ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. பழைய பாட்டைச் செருகிக் கைத்தட்டு வாங்குவது இப்போது எல்லோரும் செய்கிற வேலை. இங்கே அது ஒட்டுவதற்குக் காரணம், பாட்டு படத்துக்கு வெளியிலிருந்து ஊற்றப்படவில்லை. அந்த ஊர் ஆட்டத்தில் அந்த ஆளுக்காகவே போடப்படுகிறது. இதற்கு ஹெட்ஃபோன் வேண்டாம். நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாக வைத்துப் பாருங்கள்.

மெய்யழகன்தான் இழுபறி. வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நீளம் எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. கோவிந்த் வசந்தாவின் இசை நல்ல இசை. ஆனால் பல இடங்களில் நாம் கலங்குவதற்கு முன்பே அது கலங்கிவிடுகிறது. கல்யாண மேடையில் தங்கை புவனாவுக்கு அருள்மொழி கொலுசு போட்டுவிடும் இடத்தில், அருள்மொழியாக வரும் அரவிந்த் சாமியின் முகமே போதும். வீட்டில் பார்க்கும்போது அந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கூடுதலாகப் பிடித்தது.