திறந்த காரும் இறுகிய ஸ்பிரிங்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 2001ஆம் ஆண்டில் தயாரான மாஸ்டா எம்.எக்ஸ்-5 கன்வெர்ட்டிபிள் உள்ளது. காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தக்கூடிய, பழையதைவிட 30 சதவீதம் இறுக்கமான ஸ்பிரிங்குகளை அண்மையில் பொருத்தினேன். ஷாக் அப்சார்பர்களை மாற்றவில்லை. வழவழப்பான சாலையில் வளைவுகளில் கார் சாய்வது குறைந்திருக்கிறது. ஆனால் சிறு மேடு பள்ளங்களில்கூட டேஷ்போர்டு நடுங்குகிறது, உட்புறக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிகிறது. வேகமாக வளைவில் செல்லும்போது ஒரு பள்ளம் குறுக்கிட்டால் பின்பகுதி திடீரென்று விலகுகிறது. சேஸிஸை இறுக்கும் கம்பிகளைப் பூட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் போட வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதி சரியாகச் சொல்கிறார்கள். ஏனெனில் உங்கள் காரைப் பிடித்திருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. நடுக்கத்திற்குக் காரணம் வேறு, பின்பகுதி விலகுவதற்குக் காரணம் வேறு.

ஆபத்தானது இரண்டாவது என்பதால் முதலில் அதைப் பார்ப்போம். கார் அசையாமல் நிற்கும் நிலையில் சக்கரம் மேல்நோக்கி 70 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகே பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்பில் முட்டும் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அந்த இடைவெளியில் சரிபாதி போய்விடுகிறது. மீதியுள்ள 35 மில்லிமீட்டருக்குள் பழைய அளவு விசையைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு இறுக்கமாக இருந்தாக வேண்டும், உங்களுடையது 1.3 மடங்குதான். ஆகவே முன்பு தேவைப்பட்ட விசையில் ஏறத்தாழ 65 சதவீதம் வந்தவுடனேயே சக்கரம் தடுப்பில் போய் முட்டுகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அந்த நேரத்தில் பள்ளமும் வந்தால் பின்சக்கரம் தடுப்பைத் தொடுகிறது, அந்த மூலையின் இறுக்கம் ஒரே கணத்தில் பல மடங்காகிறது, டயர் பிடியை இழக்கிறது. நீங்கள் உணரும் அந்தத் திடீர் விலகலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு: ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சற்று இறுக்கமாகச் சுற்றி, அதைக் கீழே தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பட்டை பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நின்றால் வேறு சான்று தேவையில்லை.

அப்படியென்றால் நண்பர் சொல்வதுபோல் இன்னும் இறுக்கமான ஸ்பிரிங்கே தீர்வல்லவா என்று நீங்கள் கேட்கலாம். மூடிய கூரையுள்ள காராக இருந்தால் அந்த யோசனையை நானும் எடைபோட்டுப் பார்ப்பேன். திறந்த காரில் அது முதல் நோயை முற்றச் செய்துவிடும். கூரை இல்லாத கார் மூடி இல்லாத அட்டைப்பெட்டியைப் போன்றது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருகினால் முறுக்கிக்கொள்ளும். துணிக் கூரையை இழுத்து மூடிவிட்டாலும் இதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த அசைவை ஸ்பிரிங்கும் காரின் உடலும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்பிரிங் மென்மையாக இருக்கும்வரை அதுவே பெரும்பங்கை ஏற்கும். ஸ்பிரிங் இறுக இறுக, உடலின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர் உண்டு, உடலின் துள்ளலை அடக்க எதுவுமே இல்லை. அதனால்தான் டேஷ்போர்டும் கண்ணாடியும் நடுங்குகின்றன.

கம்பிகள் இதைக் குறைக்குமா என்றால், குறைக்கும். ஆனால் எல்லாக் கம்பிகளும் ஒன்றல்ல. எஞ்சின் அறையில் இரு ஸ்பிரிங் கோபுரங்களையும் இணைக்கும் பளபளப்பான கம்பி கண்ணுக்கு அழகாக இருக்குமே தவிர, திறந்த காரின் முறுக்கைத் தடுப்பதில் அதன் பங்கு சிறியது. கதவுகளுக்குக் கீழே, காரின் அடிப்பகுதியில் முன்னும் பின்னுமாக ஓடும் இணைப்புகளே பயன் தருபவை. அவற்றுக்குச் செலவிடுவதற்கு முன் கதவுக்குக் கீழுள்ள நீளவாக்கு எஃகுப் பெட்டிகளைத் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். கூரை இல்லாத காரில் வளையும் சுமையின் பெரும்பகுதியை அந்தப் பெட்டிகளே தாங்குகின்றன. துருப்பிடித்த பெட்டிக்குக் கீழே புதுக்கம்பி பூட்டுவது உளுத்த உத்தரத்துக்கு வண்ணம் பூசுவதற்குச் சமம். ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியால் மெல்லத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளியில் சிறு மாற்றம் தெரிவது இயல்பு. கதவு உரசினாலோ பூட்ட மறுத்தாலோ சஸ்பென்ஷன் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, உடல்வேலை தெரிந்தவரிடம் காரைக் காட்டுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தாழ்த்துவதை 20 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொள்வேன். ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர்களை மாற்றியிருப்பேன். ஸ்பிரிங் 30 சதவீதம் இறுகினால் காரின் இயல்பான அதிர்வெண், அதாவது அது மேலும் கீழும் ஆடும் வேகம், ஏறத்தாழ 14 சதவீதம் உயர்கிறது. அதை முன்போலவே அடக்க வேண்டுமானால் அடக்கும் விசையும் அதே அளவு கூட வேண்டும். இருபது ஆண்டுகள் உழைத்த ஷாக் அப்சார்பரிடம் முதலில் இருந்த விசையே மிச்சமிருக்காது. நல்ல ஷாக் அப்சார்பரோடு மென்மையான ஸ்பிரிங் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1962இல் வந்த லோட்டஸ் எலான் பழைய சான்று: எஃகு முதுகெலும்புச் சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடல், மென்மையான ஸ்பிரிங், ஆனாலும் வளைவுகளில் இன்றுவரை புகழப்படும் கார்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் வளைவில் எடை வெளிப்பக்கம் மாறுவது குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம், வளைவின் வேகம் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இறுக்கம் குறைப்பது சாய்வை மட்டுமே. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 20 மில்லிமீட்டர் தாழ்த்துவதால் எடை மாற்றம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும்; உங்களைப்போல் 35 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் அது எட்டு சதவீதத்தை எட்டாது. அந்தச் சிறு ஆதாயத்துக்காகச் சக்கரத்தின் அசைவிடத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) வாங்கியிருக்கிறேன். ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் இறுகும் என்று சொல்கிறார்கள். எத்தனை சுற்று திருகலாம்?

பதில்: சீரான சுருள்கள் கொண்ட ஸ்பிரிங்கை எத்தனை சுற்று திருகினாலும் அதன் இறுக்கம் மாறாது, முன்னழுத்தம் மட்டுமே கூடும். ஒரு மில்லிமீட்டர் அமுக்குவதற்கு வேண்டிய கூடுதல் விசை முன்பிருந்த அதே விசைதான். வளையத்தைத் திருகினால் கார் உயரும் அல்லது தாழும், அவ்வளவே. ஷாக் அப்சார்பரின் மேல் இருக்கும் குமிழும் அடக்கும் விசையைத்தான் மாற்றுகிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று: ஷாக் அப்சார்பர் உடலின் நீளத்தைத் தனியாகத் திருகி மாற்றும் வகை, தாழ்த்தும்போது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் அசைவிடத்தைக் காப்பாற்றும், வளையம் மட்டுமே உள்ள வகை காப்பாற்றாது. தாழ்த்திய பின் காரைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் அந்த உயரத்தில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பணம் மிச்சப்படுத்த, இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆறு சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் ஒழுங்காகப் பொருந்தாது, வெட்டும் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்கும், உயரம் எவ்வளவு இறங்கும் என்பதும் உங்கள் கையில் இராது.

கேள்வி: காரைத் தாழ்த்தியபோது சக்கரங்களைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டேன். சில மாதங்களிலேயே அவை கிழிந்துவிட்டன. கார் ஒரு பக்கமாகவும் இழுக்கிறது. பொருள் தரமற்றதா?

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன் பூட்டிய முறையைக் கேட்க வேண்டும். இந்த ரப்பர் புஷ்களில் உள்குழாய், ரப்பர், வெளிக்குழாய் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கை அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. காரைத் தூக்கி வைத்து, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலை ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடுகிறது. காரைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கப்பட்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் மேலும் முறுக்கினால் கிழியாமல் என்ன செய்யும்? முறுக்கிய புஷ்கள் தாமே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து உயரத்தையும் மாற்றிவிடும். போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் பூட்டி, சக்கரங்களின் மேல் முழு எடையும் நிற்கும்படி இறக்கி, சற்றே உருட்டி நிலைபெறச் செய்த பின்னரே இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். உயரத்தைப் பிறகு மாற்றினால் தளர்த்தி மறுபடியும் இறுக்க வேண்டும்.

ஒரு பக்கம் இழுப்பது அலைன்மென்ட் கலைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தாழ்த்தினால் சக்கரங்களின் மேல்முனை உள்நோக்கிச் சாய்வதும் (இந்தச் சாய்வே கேம்பர்), மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவான டோ மாறுவதும் பெரும்பாலான கார்களில் தவிர்க்க முடியாதவை. டயரின் உள்விளிம்பைத் தின்பதில் பெரும்பாலும் கேம்பரைவிட டோவின் பங்கே அதிகம். புதிய ஸ்பிரிங்குகள் சில வாரங்களில் இன்னும் சில மில்லிமீட்டர் அமரக்கூடும் என்பதால், பூட்டியவுடன் ஒருமுறையும் அமர்ந்த பின் இன்னொருமுறையும் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடான சுமையை வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; இலகுவான இருவர் காரில் ஓட்டுநரின் எடை சிறிய பங்கன்று. பழைய கார்களில் அலைன்மென்ட்டை மாற்றும் போல்ட்டுகள் தம் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து இறுகிப்போயிருப்பது உண்டு. புஷ் மாற்றும் வேலையின்போதே அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, மசகு பூசி மாட்டியிருந்தால் அலைன்மென்ட் மேடையில் வாதாட வேண்டியிராது. முகப்பு விளக்குகளின் உயரத்தையும் அன்றே சரிசெய்துவிடுங்கள்.