புல்தரைக்குப் பீர் வார்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தில் கிக்குயு புல் போட்டிருக்கிறோம், மண் சிவப்பு மணல். பீர், கோலா, பாத்திரம் கழுவும் சோப்பு, வீடு துடைக்கும் அம்மோனியா ஆகியவற்றைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் புல் பச்சைப்பசேலென்று வரும் என்று கொழுந்தனார் சொன்னதைக் கேட்டுத் தெளித்தேன். இரண்டே நாளில் திட்டுத் திட்டாகக் கருகிவிட்டது. எறும்பும் புற்று வைக்கிறது. மாமரத்தடியிலோ முன்பிருந்தே புல் மெலிவுதான். பெயர்த்துவிட்டுப் புதிதாக நடலாமா? – தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், பேரியாப் பகுதி வாசகி

பதில்: பெயர்க்க வேண்டாம். கிக்குயு நிலத்துக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும் புல்லாகையால், இலை கருகினாலும் தண்டு வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் போதும்; ஒரு மூலையைத் தோண்டிப் பாருங்கள். இரண்டு நாளில் கருகியதென்றால் அது நோயாக இருக்க வாய்ப்பில்லை. அம்மோனியா இலையைச் சுடும் காரம். சோப்போ இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்து அந்தக் காரத்தை உள்ளே விட்டிருக்கும். நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, எஞ்சியதைக் கழுவிவிடுங்கள்.

அந்தக் கலவையில் புல்லுக்கு உணவென்று சொல்லத்தக்கது அம்மோனியாவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஒன்றுதான். அதிலும் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். பீர் பெரும்பாலும் தண்ணீர். சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. எறும்பு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சர்க்கரை கிடைத்ததும் மண்ணின் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்பது உண்மையே. ஆனால் பெருகுவதற்கு அவற்றுக்கும் தழைச்சத்து வேண்டுமாதலால், புல்லுக்குரியதை அவை எடுத்துக்கொள்ள, புல் சில காலம் வெளிறியே நிற்கும்.

உங்கள் சிவப்பு மணல் ஊட்டத்தைப் பிடித்துவைக்காது. கனமழையில் அது அடியிறங்கிவிடும். எனவே இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் புல்லைக் குட்டையாக வெட்டி, நன்கு மக்கிய உரத்தைச் சலித்து, புல்நுனி மூழ்காதபடி மெல்லப் பரப்புங்கள். புல் துளிர்த்த பிறகு, 28 விழுக்காடு தழைச்சத்துள்ள லான் உரத்தை (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) சதுர மீட்டருக்கு 30 கிராம் அளவில் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். மாமரத்தடியில் மட்டும் கிக்குயுவை விட்டுவிடுங்கள். அது வெயிலின் பிள்ளை. அங்கே நிழல் தாங்கும் எல்.எம். புல் நடலாம் (மொசாம்பிக் தலைநகர் மப்புட்டோவின் பழைய பெயரான லொரன்சு மார்க்கஸ்தான் அந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது).

கேள்வி: எங்கள் முற்றம் களிமண், மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. ஆணி வைத்த செருப்பைக் கட்டிக்கொண்டு நடந்தால் மண்ணுக்குக் காற்றோட்டம் கிடைக்கும் என்கிறார்களே? – பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உடம்புக்குப் பயிற்சி கிடைக்கும். ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. ஈரக் களிமண்ணில் துளையின் சுவர் இறுகி, நாளடைவில் நீங்கள் தீர்க்க நினைத்த குறையே கூடும். குழல் போன்ற பற்களால் மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கியெடுக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, மண் சற்று ஈரமாக இருக்கும்போது ஓட்டி, துளைகளில் மக்கிய உரத்தைத் தள்ளி நிரப்புங்கள்.

கேள்வி: இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் சாம்பலைப் புல்லில் கொட்டலாமா? – டொங்காட் வாசகர்

பதில்: தூய விறகுச் சாம்பலானால், ஆறிய பின் சலித்து, ஆண்டுக்கொரு முறை கைப்பிடி கைப்பிடியாகத் தூவலாம், ஓரிடத்தில் குவிக்கக் கூடாது. அதில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் உண்டு, தழைச்சத்து இல்லை. அது காரமாகையால், சற்றே அமிலமான மண்ணை விரும்பும் கிக்குயுவுக்கு மிகுந்தால் ஆகாது. லான் உரத்தோடு கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். கரிக்கட்டிச் சாம்பலையும், இறைச்சிக் கொழுப்பும் உப்பும் சொட்டிய சாம்பலையும் குப்பையில் போடுங்கள்.