முப்பதாம் வசனத்தையும் வாசியுங்கள்

கேள்வி: பெண்கள் ஜெபிக்க எழுந்தாலே ‘சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்ற 1 கொரிந்தியர் 14:34-ஐக் காட்டி எங்கள் சபையில் உட்காரவைக்கிறார்கள். ஆதிச் சபையில் பெண்கள் வாய் திறந்ததே இல்லையா? ஆணும் பெண்ணும் தனித்தனியே உட்காருவது அப்போஸ்தலர் ஏற்படுத்திய வழக்கமா?

பதில்: வாய் திறந்தார்கள். அதே நிருபம் 11:5-ஐ வாசித்துக் காட்டுங்கள். ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் ஸ்திரீ தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். ஜெபிக்கவே கூடாதென்றால் முக்காட்டைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

14-ஆம் அதிகாரத்தில் 34-ஐ மட்டும் பிய்த்தெடுப்பதும் தவறு. 30-ஆம் வசனத்தில், மற்றொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசினவன் ‘பேசாமலிருக்கக்கடவன்’. 28-இல், அர்த்தஞ்சொல்ல ஆளில்லாவிட்டால் அந்நியபாஷைக்காரனும் (ஆவியின் ஏவலால் பிறருக்குப் புரியாத மொழியில் பேசுகிறவன்) சபையில் பேசக்கூடாது. மூன்று இடத்திலும் கிரேக்க வினைச்சொல் ஒன்றே. ஆண்களுக்குச் சொன்னதை அந்த நேரத்து ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டு, பெண்களுக்குச் சொன்னதை மட்டும் ஆயுள் தடையாக்குவது என்ன நியாயம்? 35-ஆம் வசனம் பேசுவதும் கேள்வி கேட்பதைப் பற்றித்தான், ஜெபத்தைப் பற்றியல்ல.

நம் பழைய மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள். பிலிப்பியர் 1:1-இல் சபைப் பொறுப்பாளர்கள் ‘உதவிக்காரர்’, ரோமர் 16:1-இல் பெபேயாள் என்ற பெண் ‘ஊழியக்காரி’. கிரேக்க மூலத்தில் இரண்டுமே ‘தியாக்கொனொஸ்’ என்ற ஒரே சொல்தான்; பெண்ணுக்கு வேறு சொல் போட்டது மொழிபெயர்ப்பே.

தனி இருக்கைக்குப் புதிய ஏற்பாட்டில் கட்டளை இல்லை. அப்போது கூடியதே வீடுகளில். 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்ற சபை ஒழுங்கு நூலில்தான் அது விரிவாக வருகிறது: கிழக்கே ஆயரும் மூப்பர்களும், அடுத்து ஆண்கள், பின்னால் பெண்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கும் விதவைகளுக்கும் தனித்தனி இடம். வாசலில் ஒரு உதவிக்காரர்.

பெண்கள் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றும் அந்நூல் சொல்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் தண்ணீரில் இறங்கும் பெண்ணின் உடலை ஆண்கள் பார்ப்பது தகாது என்பதால், எண்ணெய் பூசப் பெண் உதவிக்காரரை நியமிக்கச் சொல்வதும் அதே நூல்தான். நோயுற்ற பெண்களை வீட்டில் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

இருக்கைக்கு இதைச் சான்று காட்டுகிறவர்கள் அதே பகுதியை முழுதாக வாசிக்கட்டும். ஏழை முதியவரோ மூதாட்டியோ வந்து இடம் இல்லாவிட்டால், ஆயர் தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது.