பரிந்துரை என்பது பரிசா?

கேள்வி: என் தங்கை மகள் நாகப்பட்டினத்தில் வங்கி வேலையில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் கதை எழுதுவாள். அமெரிக்க இணைய இலக்கிய இதழ் ஒன்று அவள் கதையைப் புஷ்கார்ட் பரிசுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. ஊரில் ‘விருது வாங்கிவிட்டாள்’ என்று ஃபிளெக்ஸ் வைக்கப் பார்க்கிறார்கள். அவளோ, ‘இது ஒண்ணுமே இல்லை பெரியம்மா’ என்கிறாள். எது சரி?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இரண்டும் சரியில்லை அம்மா. ஃபிளெக்ஸை நிறுத்துங்கள், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

புஷ்கார்ட் என்பது சிறு பத்திரிகைகளிலும் சிறு பதிப்பகங்களிலும் வருகிற எழுத்துக்கான பரிசு. பில் ஹெண்டர்சன் தொடங்கியது. 1976 முதல் ஆண்டுதோறும் தேர்வானவற்றைத் தொகுப்பாகப் போடுகிறார்கள். எழுதியவர் தானே விண்ணப்பிக்க முடியாது. இதழாசிரியர் அந்த ஆண்டு தன் இதழில் வந்த கதை, கவிதை, கட்டுரைகளில் அதிகபட்சம் ஆறைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். டிசம்பர் முதல் தேதி கடைசி நாள், கட்டணம் கிடையாது. இணைய இதழ்களுக்கும் இடமுண்டு. இப்படி ஆயிரக்கணக்கில் போய்ச் சேருகின்றன. தொகுப்பில் இடம் பெறுபவை மிகச் சில. அதனால் பரிந்துரையை விருது என்று சொல்வது தப்பு.

ஆனால் ‘ஒண்ணுமே இல்லை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் அனுப்பிய கதையைப் படித்தேன். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிய நெல்லுக்கு அப்பாவும் மகளும் ராத்திரி காவல் இருக்கிறார்கள். மழை இறங்கியதும் தார்ப்பாய் முனைகளில் செங்கல் வைக்க ஓடுகிறார்கள். காலையில் ஈரப்பதம் பார்க்கிற கருவி இருபதைக் காட்டுகிறது. பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள் என்று நம் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தார்ப்பாயையே பார்த்திராத ஓர் இதழாசிரியருக்கு அந்த அப்பாவின் வயிற்றுக் கலக்கத்தைப் புரியவைத்துவிட்டாள் இந்தப் பெண். ஒரு வருஷம் முழுக்க வந்ததை எல்லாம் திரும்பப் படித்து, இதை விட முடியாது என்று அந்த ஆசிரியர் எடுத்து வைத்த ஆறில் அவள் கதையும் ஒன்று. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய தெம்பு எது? தன்னைப் பற்றி எழுதும்போது ‘பரிந்துரைக்கப்பட்ட கதை’ என்று போட்டுக்கொள்ளட்டும். அது உண்மை.

அப்புறம், கதையை அவள் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினாளா? காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழில் ஒற்றைக் கதைக்கு இப்படி ஏதாவது உண்டா? கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் இணைய இதழில் நாங்களே வருஷத்துக்கு ஆறு தேர்ந்தெடுக்க நினைக்கிறோம். விடுபட்ட நண்பர்கள் வருத்தப்படுவார்களே?
– ஓர் இதழாசிரியர்

பதில்: சாகித்திய அகாடமி புத்தகத்துக்குத்தான். நம் தி. ஜானகிராமனுக்கு 1979-இல் கிடைத்ததும் ‘சக்தி வைத்தியம்’ தொகுப்புக்காகத்தான். ஒற்றைக் கதைக்கு என்றால், 1970-இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பைச் சொல்ல வேண்டும். மாதாமாதம் பத்திரிகைக் கதைகளைப் படித்து ஒன்றை எடுத்து, அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்தார்கள். வார இதழின் நடுப்பக்கத்தில் வந்து பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருக்க வேண்டிய கதைகளை அது காப்பாற்றியது. இணையத்தில் கதை மறைய ஒரு வாரம்கூட ஆகாது. அதனால் அவசியம் செய்யுங்கள்.

ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் எழுத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பெயரை நீக்கிவிட்டு, இதழோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஆறு தேறவில்லை என்றால் நான்கோடு நிறுத்துங்கள். எண்ணிக்கைக்காக ஒன்றைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று நாலு வரி எழுதி வெளியிடுங்கள். வருத்தப்படும் நண்பர் வந்து கேட்டால், அவர் கதை எந்த இடத்தில் தொய்ந்தது என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த கதையை அவர் உங்களுக்கே அனுப்புவார்.