ரேஷன் அட்டையில் 'என்பிஎச்எச்' என்று வந்தால் அரிசி நின்றுவிடுமா?

அம்மாவின் அட்டையில் 'முன்னுரிமையற்றது' என்று காட்டுகிறது, இனி அரிசி கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும் சகோ, பயப்படாதீர்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) என்ற பிரிவெல்லாம் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு யாருக்கான அரிசியைக் கொடுக்கிறது என்ற கணக்குக்காக வந்தது. தமிழ்நாட்டில் எல்லோருக்குமான பொது விநியோகம் என்பதால் வெறும் என்.பி.எச்.எச். என்றிருந்தாலும் விலையில்லா அரிசி உண்டு. இதைக் கடையிலேயே யாராவது எழுதி ஒட்டியிருந்தால் பாதி பேர் பதற மாட்டார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைத்தான். 'எஸ்' என்றிருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி வராது, அதற்குப் பதில் சர்க்கரை கூடுதலாக வரும். 'என்சி' என்றிருந்தால் எந்தப் பொருளும் கிடையாது, முகவரிச் சான்றுக்கு மட்டும்தான் உதவும். ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவர் படத்துக்குக் கீழே பாருங்கள், அங்கேயே அச்சிட்டிருக்கும்.

ஒருவேளை எஸ், என்சி என்று ஏதாவது இருந்து, அம்மா அப்படிக் கேட்கவே இல்லை என்றால், கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் இருப்பது பில் போடும் கருவி மட்டும்தான். தாலுகா வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுங்கள், இல்லையென்றால் 1967க்குப் போன் போட்டு அட்டை எண்ணைச் சொல்லி வகையைக் கேளுங்கள். அப்புறம், வாங்காத பொருளுக்கு 'வாங்கியதாக' எஸ்எம்எஸ் வந்தால் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.