கழுத்துக் கட்டி அறுவைக்கு ஓய்வூதியச் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், வயது 44. என் கழுத்தில் இருக்கும் கட்டி, குரல்நாணை இயக்கும் வேகஸ் நரம்பில் வந்த ஷ்வானோமா (நரம்பு உறைக் கட்டி) என்றும், புற்றுநோயல்ல என்றும் எம்.ஆர்.ஐ. பார்த்த அறுவை மருத்துவர் சொல்கிறார். அவருடைய கட்டணம் என் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) தரும் தொகையைப்போல் மூன்று மடங்கு. மீதியைக் கட்ட ஓய்வூதிய நிதியில், ஓய்வுக்கு முன்பே எடுக்க அனுமதியுள்ள சேமிப்புப் பகுதியிலிருந்து 50,000 ரேண்ட் எடுக்கலாமா?

பதில்: இப்போதே எடுக்க வேண்டாம். ஷ்வானோமா பெரும்பாலும் மெல்ல வளர்வது, புற்றாக மாறுவது மிக அரிது என்பதால், விழுங்குவதில் சிரமமோ வேகமான வளர்ச்சியோ இல்லாதவர்களை மறு ஸ்கேன் வரை காத்திருக்கச் சொல்வதும் மருத்துவத்தில் வழக்கம்தான். உங்களுக்கு அந்த அவகாசம் உண்டா என்பதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

2024 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி அந்தப் பகுதியிலிருந்து ஒரு வரியாண்டில் ஒரு முறைதான் பணம் எடுக்கலாம். எடுத்த தொகை வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும். நீங்கள் 26 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 13,000 ரேண்ட் வரிக்குப் போய், கைக்கு 37,000தான் வரும்.

அதற்குமுன் அறுவைச் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மயக்க மருத்துவர், உதவி மருத்துவர், ஆய்வகம் ஆகியோரின் பில்கள் தனித்தனியாக வரும். அறுவையின்போது குரல் நரம்பைக் கண்காணிக்க மின்முனை பதித்த சுவாசக் குழாயைத் தொண்டை வழியே செலுத்துவதுண்டு. அதற்கு முன்அனுமதி உண்டா என்று மெடிக்கல் எய்டிடம் தனியே கேளுங்கள். டி33.3 என்ற நோய்க் குறியீட்டைக் குறிப்பிட்டு, மெடிக்கல் எய்ட் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பயன்களில் இது சேருமா என்பதற்கும் அவர்களிடம் எழுத்தில் பதில் பெறுங்கள். அந்தப் பதிலில் நியாயமில்லை என்று பட்டால், மெடிக்கல் எய்ட்களை மேற்பார்வையிடும் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலிடம் முறையிடலாம்.

மெடிக்கல் எய்ட் தருவதற்கும் மருத்துவர் கேட்பதற்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் கேப் கவர் காப்பீட்டை இனி எடுத்தாலும், ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பு விதிப்பார்கள். கட்டியை மறைத்து எடுத்தால் பின்னர் கோரிக்கையை நிராகரிப்பார்கள், அதைச் செய்யாதீர்கள். பரிந்துரைக் கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்குப் போகும் வழியும் உண்டு. மெடிக்கல் எய்ட் உள்ள உங்களுக்கு அங்கே என்ன கட்டணம் என்று முன்பே கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் குரல்தான். வேகஸ் நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்து தொண்டை கரகரக்கும். கவனமாகச் செய்த அறுவையிலும் இது நேரலாம். நரம்பிழைகளை விட்டுவைத்து, உறையைத் திறந்து கட்டியை மட்டும் குடைந்தெடுப்பவரா, இத்தகைய அறுவையில் பழக்கமுள்ளவரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல; வகுப்பில் பேசித்தானே உங்கள் சம்பளம் வருகிறது. மூன்றாண்டுச் சுற்றில் உங்களுக்குரிய 36 நாள் நோய் விடுப்பில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும் ஹாஸ்பிடல் பிளான் பெரும்பாலும் தராத பேச்சுப் பயிற்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். கொடிய நோய்க் காப்பீடு இத்தகைய கட்டிக்குப் பொதுவாகப் பணம் தராது; வருமானக் காப்பீடு இருந்தால் அதன் விதிகளைப் படியுங்கள்.

கையிலிருந்து கட்டும் பில்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவச் செலவு வரிக்குரிய வருமானத்தில் 7.5 விழுக்காட்டைத் தாண்டும் பகுதிக்கு, உங்கள் மெடிக்கல் எய்ட் சந்தாவில் ஒரு பகுதியையும் கணக்கில் சேர்த்து, 25 விழுக்காடு வரிச் சலுகை கோரலாம்.